தாய்மாமன் மடியும் தலைமுடியும்

கேள்வி: "வழுக்கை என்பது தாய்மாமன் வழியில் வருகிற பரம்பரைச் சொத்து என்கிறார்களே, உண்மையா? எனக்கு 28 வயதிலேயே முன்நெற்றி ஏறுகிறது. என் மாமாவுக்கோ முழு வழுக்கை. ஊர் உப்புத் தண்ணீர்தான் காரணம் என்கிறார் அப்பா." – வாசகர் ஒருவர், தேவிபட்டினம்.

பதில்: "சொத்து" என்று எழுதிவிட்டீர்கள், இராமநாதபுரத்துக்காரனிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் அவன் நேராக வழக்குக்குத்தான் போவான். கணவர் இறந்த பிறகு ராணி எடுத்த சுவீகாரம் செல்லுமா என்று நம் சேதுபதி ஜமீனில் எழுந்த வாரிசு வழக்கு, இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, செல்லும் என்று 1868இல் தீர்ந்தது. உங்கள் கேள்விக்கான பாதிப் பதில் அந்த வழக்கிலேயே இருக்கிறது: சுவீகாரப் பிள்ளைக்கு ஜமீன் வரும், வழுக்கை வராது. ஆண்களின் இந்த வகை வழுக்கை இரத்த வழியில் வருவதுதான். ஆணுக்கு ஆண் அதில் காணப்படும் வேறுபாட்டில் சுமார் 80 விழுக்காட்டுக்கு மரபணுக்களே காரணம் என்று இரட்டையர்களைக் கொண்டு செய்த ஆய்வுகள் கணக்கிட்டிருக்கின்றன.

ஆனால் தாய்மாமனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதை நான் ஏற்கவில்லை. நம் பக்கத்தில் பிள்ளைக்கு முதல் மொட்டை மாமன் மடியில் உட்கார வைத்து அடிக்கப்படுவதால், கடைசி மொட்டையையும் அவர் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம் போலும். ஆணுக்கு எக்ஸ் குரோமோசோம் தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. ஆண் ஹார்மோனை ஏற்கும் ஏற்பிக்குரிய மரபணு அதில்தான் இருக்கிறது. வழுக்கையோடு அந்த மரபணுவுக்குள்ள வலுவான தொடர்பை ஜெர்மன் ஆய்வாளர்கள் 2005இல் எடுத்துக்காட்டினார்கள். மாமன் மீதான பழிக்கு இருக்கும் ஆதாரம் இவ்வளவுதான். அதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள்: உங்கள் அம்மாவிடம் இருப்பவை இரண்டு எக்ஸ், ஒன்று அவருடைய அப்பா தந்தது, மற்றது அம்மா தந்தது. ஆகவே அந்த மரபணு உங்கள் தாத்தாவிடமிருந்து வந்திருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. உங்களிடம் இருப்பதும் மாமாவிடம் இருப்பதும் பாட்டி கொடுத்த ஒரே பிரதியாக இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு மட்டுமே. கால் பங்குக்காரர் மீது முழு வழக்கைப் போட்டிருக்கிறீர்கள்.

மேலும், சொத்தில் பங்காளிகள் பலர். தந்தையிடமிருந்தும் வரக்கூடிய 20ஆவது குரோமோசோமில் 2008இல் ஒரு தொடர்பு கண்டறியப்பட்டது. பிரிட்டனில் சுமார் 52,000 ஆண்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வில் 287 மரபணு இடங்கள் அகப்பட்டன. அவற்றில் எக்ஸ் குரோமோசோமில் இருந்தவை 40. மீதி அனைத்தும் அப்பா வழியிலும் வரக்கூடியவை. உப்புத் தண்ணீர் மீது பழி போடும் உங்கள் தந்தையார் தம் தகப்பனாரின் பழைய புகைப்படத்தை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது.

உப்புத் தண்ணீர் நிரபராதி என்று நான் சொல்ல மாட்டேன். ஆழ்குழாய்த் தண்ணீரில் நானும் குளிப்பவன்தான். சோப்பு நுரைக்காது, வாளியின் விளிம்பில் வெள்ளையாகப் படலம் படியும், தலை காய்ந்ததும் முடி தேங்காய் நாராக விறைத்து நிற்கும். அந்தத் தண்ணீர் வெளியே நீண்டிருக்கும் முடியைத்தான் கெடுக்கிறது. தோலுக்குள் இருக்கும் மயிர்க்காலைக் கரைப்பதில்லை. கரைக்குமானால், நாளெல்லாம் கடல் நீரில் நனைந்து பாம்பன் கரையேறும் மீனவர்களில் ஒருவருக்கும் முடி இருக்கக் கூடாது. புட்டித் தண்ணீர் குடித்துக் குளிரறையில் அமர்ந்திருக்கும் அதிகாரிகளில் ஒருவருக்கும் வழுக்கை இருக்கக் கூடாது. தவிர, தலை முழுவதும் ஊற்றிய தண்ணீர் உச்சியை மட்டும் அழித்துவிட்டு, காதோரத்தையும் பிடரியையும் விட்டுவைப்பானேன்? டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உடல் உண்டாக்கும் டி.எச்.டி. என்ற ஹார்மோனுக்கு முன்தலையிலும் உச்சியிலும் உள்ள மயிர்க்கால்கள் பணிந்து, முடி வளர்ந்து உதிரும் சுற்றுக்குச் சுற்று சுருங்கி, மெல்லிய பூனைமுடியைத் தருகின்றன, பிடரி பணிவதில்லை. பருவமெய்துமுன் விரை நீக்கப்பட்டவர்களுக்கு இந்த வழுக்கை விழுவதில்லை என்பதை அமெரிக்காவின் ஜேம்ஸ் ஹாமில்டன் 1942இல் விளக்கி எழுதினார். அந்தத் தடுப்பு முறையை வாசகர்களுக்குப் பரிந்துரைக்க எனக்குத் துணிவில்லை.

இந்த இடத்தில் எனக்கும் எங்கள் விளம்பரப் பிரிவுக்கும் இடையிலான பழைய பகையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் இங்கே எதை எழுதினாலும், பின்னட்டையில் இடுப்பு வரை கூந்தல் உள்ள ஒரு பெண் எண்ணெய்ப் புட்டியோடு சிரித்துக்கொண்டிருப்பார். சுருங்கிய மயிர்க்காலை எண்ணெய் எழுப்பாது என்று இதோ மூன்றாம் முறையாக எழுதுகிறேன். இந்த வாரமும் விளம்பரம் வரும், அதில்தான் எனக்குச் சம்பளமும் வரும். ஓரளவு பயன் தருபவை என்று மருத்துவம் ஏற்றுக்கொண்டவை மினாக்ஸிடில் பூச்சும் ஃபினாஸ்டரைடு மாத்திரையும்தான். இரண்டையும் நிறுத்தினால் பலனும் நின்றுவிடும். மாத்திரைக்குப் பக்கவிளைவுகளும் உண்டு. ஆகவே மருந்துக் கடைக்காரரிடம் கேட்காமல் தோல் மருத்துவரிடம் கேளுங்கள். வட்டவட்டமாகத் திடீரென்று கொட்டினால் அது புழுவெட்டு. அது வேறு நோய்.

எனக்கு முடி வெட்டுபவர், வெட்டி முடித்ததும் பின்னால் கண்ணாடி பிடித்துப் பிடரியைக் காட்டுவது வழக்கம். முன்பெல்லாம் நான் தலையசைக்கும்வரை பிடித்திருப்பார். இப்போது சட்டென்று எடுத்துவிடுகிறார். என் மாமாவுக்கு எழுபது வயதிலும் அடர்ந்த முடி.

ஒரே ஒரு எச்சரிக்கை. மாமன் மகளைக் கட்டும் எண்ணம் இருந்தால், நெருங்கிய உறவுத் திருமணம் வேண்டாம் என்பதற்கு மருத்துவர்கள் சொல்லும் பெரிய காரணங்கள் ஒருபுறம் இருக்கட்டும். உங்கள் மாமா உங்கள் மகனுக்குத் தாய்வழித் தாத்தா ஆகிவிடுவார், அவருடைய கால் பங்கு அப்போது அரைப் பங்காக உயர்ந்துவிடும்.