இரண்டாவது விசில்

அன்புள்ள ஐயா,

கூட்டுறவு வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறேன். வயது 47. மூன்று மாதமாக விடியற்காலையில் இருபது நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்து பார்க்கிறேன். இரண்டு நிமிடம் தாண்டுவதில்லை. புதுப்பிக்க வேண்டிய நகைக்கடன்கள், மகளின் கல்லூரிக் கட்டணம், முந்தின நாள் மேலாளர் சொன்ன ஒரு வார்த்தை என்று எல்லாம் வரிசை கட்டி வந்துவிடுகின்றன. பத்து நாள் விபாசனா தியான முகாமுக்குப் போனால் சரியாகுமா? இல்லை, எனக்கு இது வராது என்று விட்டுவிடலாமா?

ஆர்., கரூர்

அன்புள்ள ஆர்.,

உங்களைப் போலவே கணக்கோடு மாரடித்த ஒருவர் இருந்தார், பிறகு துறவியாகிப் பாடல்கள் பாடிய தாயுமானவர். திருச்சி நாயக்கர் அரண்மனையில் கணக்கு அதிகாரியாக இருந்தார் என்பார்கள். ஒருநாள் சபையில் கையிலிருந்த ஆவணத்தைக் கசக்கிப் போட்டுவிட்டாராம். திருவானைக்காவில் அகிலாண்டேஸ்வரியின் ஆடையில் தீப்பிடித்ததாக மனதில் கண்டு, அதை அணைக்கத்தான் அப்படிச் செய்தார் என்று கதை. நடந்ததோ இல்லையோ, வேலை நேரத்தில் மனம் வேறெங்கோ போய்விடும் என்பது கதை கட்டியவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

அவருக்கு அவருடைய குருவான மௌனகுரு சொன்னது இரண்டே சொல்: சும்மா இரு. கேட்க எவ்வளவு சுலபம்! ஆனால் தாயுமானவர் பாடியதைப் பாருங்கள். மதயானையை வசப்படுத்தலாம், கரடி புலியின் வாயைக் கட்டலாம், சிங்கத்தின் முதுகில் ஏறலாம், பாம்பை எடுத்து ஆட்டலாம், தண்ணீர் மேல் நடக்கலாம், நெருப்பின் மேல் இருக்கலாம் என்று அடுக்கிக்கொண்டே போய், ‘சிந்தையை அடக்கியே சும்மா இருக்கின்ற திறம் அரிது’ என்று முடிக்கிறார். இன்னொரு பாட்டில், சும்மா இருப்பதே சுகம் என்று வேதமெல்லாம் சொல்லியும் கேட்கவில்லை, குரு சொன்னதையும் தவறவிட்டேன், மாயக்காட்டில் அலைந்தேன் என்று புலம்புகிறார். அவருக்கே அப்படி. நீங்கள் உட்கார ஆரம்பித்து மூன்று மாதம்தான் ஆகிறது.

உங்கள் கடிதத்தில் ஒன்றை நீங்களே கவனிக்கவில்லை. நகைக்கடன், கட்டணம், மேலாளரின் வார்த்தை என்று வந்ததையெல்லாம் பட்டியல் போட்டிருக்கிறீர்கள். வந்தது என்று எப்படித் தெரிந்தது? யாரோ பார்த்துக்கொண்டிருந்ததால்தானே? மனம் போனது தெரிந்த அந்த நொடியில் நீங்கள் திரும்பி வந்தாயிற்று. அதைத் தோல்விக் கணக்கில் எழுதுகிறீர்கள். வரவுப் பக்கம் எழுத வேண்டியது அது. எண்ணமே வராமல் இருப்பதற்கு ஆழ்ந்த தூக்கம் போதும், அதற்கு ஆன்மிகம் எதற்கு?

விபாசனாவுக்குத் தாராளமாகப் போய் வாருங்கள். விபாசனா ஆசிரியர் கோயங்கா வழி முகாம் என்றால் சென்னையிலேயே தம்ம சேது என்ற மையம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, முடித்தவர்கள் விரும்பினால் நன்கொடை தரலாம். நாலு மணிக்கு எழுப்பிவிடுவார்கள். பேச்சு கிடையாது, போனும் கிடையாது. முதல் மூன்று நாளும் மூக்கில் மூச்சு வந்து போவதைப் பார்ப்பது மட்டும்தான் வேலை. மனம் ஓடும், திரும்பக் கூட்டி வா என்பதுதான் அங்கும் பாடம். முகாமுக்குப் போனவர்களுக்கும் எண்ணம் வராமல் இல்லை. ஆனால் திரும்பி வந்ததும் அதே கடன் பிரிவுதான், அதே மேலாளர்தான். அதனால் முகாமை நம்பி வீட்டில் செய்வதை நிறுத்திவிடாதீர்கள்.

இருபது நிமிடத்தை மட்டும் விட்டுவிடுங்கள். மணி பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் அதுவும் ஒரு அலுவல் ஆகிவிடும். நான் செய்வதைச் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. காலையில் எங்கள் வீட்டில் குக்கர் வைப்பது என் பொறுப்பு. சாதத்துக்கு மூன்று விசில். அடுப்படி ஓரத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவேன். முதலில் குக்கருக்குள் மெல்லிய இரைச்சல். பிறகு வெயிட் லேசாக ஆட ஆரம்பிக்கும், ஓரத்தில் கஞ்சி நுரைத்து வழியும், அப்புறம் விசில். அது அடங்கியதும் மறுபடி அந்த இரைச்சல். இவ்வளவுதான், இதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். மந்திரம், ஆசனம் ஒன்றும் இல்லை. முதல் விசில் வரை பெரும்பாலும் இருப்பேன். இரண்டாவதில்தான் வழுக்கும். அடித்தது இரண்டா மூன்றா என்று தெரியாமல் விழித்தால், நடுவில் எங்கோ போய்விட்டேன் என்று அர்த்தம். இதைவிடக் கறாரான குரு எனக்கு இதுவரை வாய்க்கவில்லை.

நேற்று உங்கள் கடிதத்துக்கு என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எத்தனை விசில் போனது என்றே தெரியவில்லை. சாதம் குழைந்துவிட்டது. தயிர் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டோம்.