இட்லிப்பூச் செடியில் கொழுந்து மட்டும் மஞ்சளாவது
காட்பாடியில் தொட்டியிலும் வேலியிலும் வைத்த இட்லிப்பூச் செடிகளில் கொழுந்து மட்டும் வெளுக்கிறது, டிஏபி (மணிச்சத்து அதிகமுள்ள உரம்) போட்டு வருகிறோம் என்று கேட்டிருந்தீர்கள். இது உரக் குறைவு இல்லை. இரும்புச்சத்தைச் செடியால் எடுக்க முடியவில்லை. கொழுந்து வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது என்கிறீர்களே, அதுதான் அடையாளம். டிஏபி போடுவதை உடனே நிறுத்துங்கள், அது இன்னும் கெடுக்கும்.

காட்பாடியில் போர் தண்ணீர்தான் ஊற்றுகிறீர்கள் என்றால், தொட்டி விளிம்பில் வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவு இருக்கிறதா பாருங்கள். வேலியில் மதில் ஓரச் செடிகளே அதிகம் வெளுத்திருந்தால் சிமெண்ட் காரை மண்ணில் கலந்திருக்கும். ஒரு கரண்டி மண்ணில் வினிகர் விடுங்கள், நுரைத்தால் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது; அதுதான் இரும்புச்சத்தைச் செடி எடுக்க விடாமல் தடுக்கிறது.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), அரை மூடி எலுமிச்சைச் சாறு கலந்துகொள்ளுங்கள். மாலையில் முதலில் ஒரு கிளையில் தெளித்துப் பாருங்கள். சித்திரை வெயிலில் பகலில் தெளித்தால் இலை கருகிவிடும். தொட்டிக்கு மழைத்தண்ணீர் பிடித்து ஊற்றினால் அதற்கு ஈடே இல்லை.

அடி இலை முதலில் பழுத்தால் காரணம் வேறு. அப்போது வடிகால் துளை அடைத்திருக்கிறதா பாருங்கள்.