தடித்த எழுத்தும் தூங்காத இரவும்: 50ஐ ஒட்டியவர்கள், தாண்டியவர்களின் கேள்விகள்

மும்பை சயானில் 28 வருஷமாக நோயாளிகளைப் பார்க்கும் பொது மருத்துவர் நான். போன ஞாயிறு செம்பூரில் பல பகுதித் தமிழர்கள் கூடியபோது, நேரம் போதாமல் பலர் ரத்தப் பரிசோதனை, தூக்கம், சாப்பாடு பற்றிய கேள்விகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அவற்றுக்கு இங்கே பதில்.

முழு உடல் பரிசோதனை என்று எண்பது டெஸ்ட் எடுத்தேன். நாலு இடத்தில் தடித்த எழுத்தில் வந்திருக்கிறது. மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. (முலுண்ட், 54)

முதலில் சாப்பிடுங்கள். 'நார்மல்' அளவுக்கு வெளியே போன எண்ணைத்தான் லேப் தடித்த எழுத்தில் போடும். ரிப்போர்ட்டில் ஓரமாகப் போட்டிருக்கும் 'நார்மல்' அளவு பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் 100க்கு 95 பேர் அடங்கும் எல்லை. மீதி ஐந்து பேர் நோயில்லாமலே வெளியே விழுவார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இருபது டெஸ்ட் எடுத்தால், நல்ல உடம்புக்காரருக்கும் ஒன்றாவது எல்லை தாண்டிப்போக 64 சதவீதம் வாய்ப்பு உண்டு. நீங்கள் எண்பது எடுத்திருக்கிறீர்கள்!

உங்கள் வயதுக்கு வருஷம் ஒருமுறை ரத்த அணுக்கள், சர்க்கரை, கொழுப்பு, கிரியாட்டினின் (தசையிலிருந்து வந்து சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு), சிறுநீரில் புரதம் ஆகியவை போதும். தைராய்டும் வைட்டமின் பி12ம் தேவைப்பட்டால் பார்க்கலாம். பேக்கேஜில் சேர்த்துத் தரும் புற்றுநோய்க் குறியீடுகளைத் தொந்தரவு எதுவும் இல்லாதவர்கள் எடுக்கவே வேண்டாம். வீண் பயம்தான் மிஞ்சும்.

எல்லாமே நார்மல் என்று வந்தால் பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடலாமா? (மாட்டுங்கா, 61)

தயவுசெய்து போடாதீர்கள். எனக்கு இதில் பிடிவாதமே உண்டு. 66 வயது மாமி ஒருவர் முன்பு என்னிடம் வந்தார். பால் கணக்கு எழுதும் நீள நோட்டின் கடைசிப் பக்கத்தில், ஆறு வருஷ ரத்தப் பரிசோதனை எண்களைப் பென்சிலால் வரிசையாக எழுதி வைத்திருந்தார். கிரியாட்டினின் 0.7, 0.7, 0.8, 0.9, 1.0, 1.1. அந்த லேபின் எல்லைக்குள்தான் எல்லாம். ஒரு தடவை கூடத் தடித்த எழுத்து வரவில்லை. ஆனால் வயதோடு சேர்த்துக் கணக்குப் போட்டால், 100ஐ ஒட்டி இருந்த சிறுநீரக வடிகட்டும் திறன் 55க்கு இறங்கியிருந்தது. துருவிக் கேட்டதில், முட்டி வலிக்குத் தினம் ஒரு வலி மாத்திரை, மெடிக்கல் கடையில் தானே வாங்கி. நிறுத்தினோம். நாலு மாதத்தில் 0.9க்கு வந்தது. அந்த நோட்டு இல்லையென்றால் 1.1ஐப் பார்த்து நானும் 'நார்மல்' என்றே அனுப்பியிருப்பேன்.

வயதானவர்களுக்குத் தசை கரைவதால் கிரியாட்டினின் குறைவாகத்தான் காட்டும். அதனால் தனி எண்ணை நம்பாமல், அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். முடிந்தவரை ஒரே லேபில் எடுங்கள்.

வெறும் வயிற்றில் டெஸ்ட் என்றால் காபி குடிக்கலாமா?

கூடாது. சர்க்கரை போடாத காபியும் வேண்டாம். தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம்.

பத்து மணிக்குப் படுத்தால் மூன்று மணிக்கே விழிப்பு. தூக்க மாத்திரை எழுதித் தருவீர்களா? (டோம்பிவிலி, 71)

உடனே மாட்டேன், மாமா. அந்த மாத்திரையோடு ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து தடுமாறி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வயதானால் ஆழ்ந்த தூக்கம் குறையும், அது இயல்பு. ஆனாலும் 7 மணி நேரம் தேவைதான். மத்தியானம் எவ்வளவு நேரம் படுக்கிறீர்கள்? அரை மணிக்கு மேல் வேண்டாம். சாயங்காலம் ஐந்து மணி ஃபில்டர் காபியின் காஃபினில் பாதி, பத்து மணிக்கும் உடம்பில் இருக்கும். மத்தியானத்துக்கு மேல் காபியை இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள், அப்புறம் பேசுவோம்.

நாங்கள் சுத்த சைவம். தினமும் சாம்பார் சாப்பிடுகிறோம். புரதம் போதாதா? (செம்பூர், 63)

போதாது. ஒரு கரண்டி சாம்பாரில் பருப்பு எவ்வளவு இருக்கிறது என்று நீங்களே அளந்து பாருங்கள். 60 வயதுக்கு மேல், கிலோவுக்கு 1 கிராம் புரதமாவது வேண்டும். 60 கிலோ உள்ளவருக்கு 60 கிராம். ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் சுமார் 14, ஒரு டம்ளர் பாலில் 6 அல்லது 7, 100 கிராம் பன்னீரில் 18. சோற்றைக் கொஞ்சம் குறைத்து, கூட்டைக் கெட்டியாக வைத்து, முதலில் கூட்டைச் சாப்பிட்டு அப்புறம் சோற்றுக்குப் போனால் சர்க்கரையும் சட்டென்று ஏறாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் கேட்டுவிட்டுச் செய்யவும்.

சைவர்கள், அதிலும் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள், பி12 கட்டாயம் பார்க்க வேண்டும். கால் மரத்துப் போவதைச் சர்க்கரை என்று நினைத்து விட்டுவிடுவார்கள்.

டாக்டரம்மா, தாராவியில் இட்லி போடுகிறேன். ராத்திரி பதினொன்றுக்குப் படுத்து மூன்று மணிக்கு எழுவேன். இனிப்பே தொடுவதில்லை. எச்பிஏ1சி மட்டும் 6.3. ஏன்? (49)

இந்தச் சீட்டைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன் அம்மா. 1999இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் 11 இளைஞர்களை ஆறு ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் தூங்க விட்டார்கள். நல்ல ஆரோக்கியமானவர்கள். அதற்கே அவர்கள் உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் தெளிவாகக் குறைந்தது. நீங்கள் அதை வருஷக்கணக்காகச் செய்கிறீர்கள். குற்றம் உங்கள் நாக்கில் இல்லை.

எச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எண். அது 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, இன்னும் திருப்பலாம். கடையை மூடச் சொல்ல மாட்டேன். மாவு ஆட்டும் வேலையைச் சாயங்காலத்துக்கு மாற்றி ஒன்பதுக்குப் படுக்க முடியுமா? இட்லிக் கூடையை விற்று வந்ததும் பகலில் ஒரு மணி நேரம், தினமும் அதே நேரம், கதவைச் சாத்திவிட்டுப் படுங்கள். மாமாவுக்குச் சொன்ன அரை மணிக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. ஹீமோகுளோபினும் பாருங்கள், இரும்புச்சத்து குறைந்தால் எச்பிஏ1சி கொஞ்சம் கூட்டிக் காட்டும். குறட்டை உண்டா என்று வீட்டில் கேட்டு வையுங்கள். வியாழக்கிழமை கூடை எடுப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கே வாருங்கள், பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள்.