ராட்டினம் ஏறாதவர்கள் (வாசகர் கேள்வி பதில்)

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி ஒரே விஷயம்தான். போன இதழில் யாருக்கோ பதில் எழுதும்போது, பத்தாங் காலியில் எங்கள் தோட்ட லயத்து அஞ்சடியில் நின்றால் கெந்திங் மலைச் சுற்றுலாத் தளத்து விளக்கு தெரியும் என்று ஒரு வரி எழுதிவிட்டேன், அவ்வளவுதான், ஆளாளுக்கு அவரவர் சுற்றுலாக் கதையைக் கொட்டிவிட்டீர்கள். எல்லாவற்றுக்கும் இடமில்லை. முடிந்ததை எடுத்திருக்கிறேன்.

கேள்வி: அக்கா, போன பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கெந்திங் அழைத்துப் போனேன். அவர்கள் ஆடித் தீர்த்துவிட்டார்கள், எனக்குத்தான் மனசு ஒட்டவில்லை. ஏரிக்கரை, உள்ளே மேடையில் நடந்த ஆட்டம், பனியில் நின்று சாப்பிட்டது, எதுவும் இல்லை. அந்தப் பழைய தீம் பார்க்கை ஏன் எடுத்தார்கள்? இல்லை, எனக்குத்தான் வயசாகிவிட்டதா? (வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: வயசாகிவிட்டதுதான் தங்கச்சி, அதை முதலில் ஒத்துக்கொள்வோம். ஆனால் அது மட்டும் இல்லை.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வெளியே இருந்த பழைய தீம் பார்க் 2013 செப்டம்பரில் மூடியது. அந்த இடத்தில் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் படங்களை வைத்து ஒரு பூங்கா வரும் என்றார்கள். நடுவில் ஃபாக்ஸை டிஸ்னி வாங்குவது என்று ஆகி, ஒப்பந்தம் முறிந்து, 2018-இல் கெந்திங் மலேசியா நிறுவனம் அமெரிக்காவில் வழக்குப் போட்டு, 2019-இல் சமரசமாகி, கடைசியில் கெந்திங் ஸ்கைவேர்ல்ட்ஸ் என்ற பெயரில் 2022 பிப்ரவரியில்தான் கதவு திறந்தது. எட்டு வருஷத்துக்கு மேல் இடைவெளி. மூடியபோது ஒன்றாம் ஆண்டில் இருந்த பிள்ளை, திறந்தபோது இடைநிலைப்பள்ளியில் பாதியைத் தாண்டிவிட்டது. உள்ளே இருந்த பூங்காவையும் 2017-இல் மூடி, 2018 டிசம்பரில் ஸ்கைட்ரோபோலிஸ் என்று புதுசாகத் திறந்தார்கள். ஆக, நீங்கள் தேடிப்போன இரண்டுமே அங்கே இல்லை.

இனி என் கதை. 1998, ஆறாம் ஆண்டு யூபிஎஸ்ஆர் சோதனை முடிந்து தமிழ்ப்பள்ளிச் சுற்றுலா. மலை எங்கள் தலைக்கு மேலேயே நிற்கிறது, ராத்திரியில் கார்த்திகை விளக்கு வரிசை மாதிரி மின்னுகிறது, ஆனால் பஸ் காலை ஐந்து மணிக்குப் பள்ளித் திடலை விட்டு மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரவாங் பக்கம் ஓடியது. ஒரு பையன் அழவே ஆரம்பித்துவிட்டான், வேறு எங்கோ கூட்டிப்போகிறார்கள் என்று. பத்தாங் காலியிலிருந்து நேராக மேலே ஏறும் சாலை அப்போது கிடையாது, அது பிறகுதான் வந்தது. செலாயாங், கோம்பாக், காராக் நெடுஞ்சாலை என்று சுற்றி, கெந்திங் செம்பா வந்து, அதற்கப்புறம் அந்தப் பழைய பஸ் முக்கி முனகி ஏறியதை நினைத்தால் இப்போதும் கால் தானாக பிரேக்கைத் தேடும்.

பஸ்ஸில் ஒரு இடம் காலி என்று என் பாட்டியும் வந்தார். முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். அந்த மலையைத் தினமும் காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போகும்போது பார்த்தவர், ஏறியது அதுதான் முதல் தடவை. ராட்டினம் எதிலும் ஏறமாட்டேன் என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டார். நாங்கள் கப்பல் ராட்டினத்துக்கும் தலைகீழாகச் சுற்றும் கார்க்ஸ்க்ரூவுக்கும் ஓடினோம். கார்க்ஸ்க்ரூவில் உயரம் போதவில்லை என்று என்னைத் திருப்பிவிட்டார்கள், அந்த அவமானம் தனிக்கதை. பாட்டி ஏரிக்கரைப் பெஞ்சில் உட்கார்ந்தார், பக்கத்தில் எங்கள் எல்லாருடைய சாப்பாட்டு மூட்டையும்.

சாப்பாடு என்றால் என்ன, வாழையிலையில் கட்டிய நாசி லெமாக், நெத்திலி சம்பல், ஒரு அம்மா கொடுத்தனுப்பிய புளிச்சோறும் கோழிப் பிரட்டலும், பிளாஸ்கில் மைலோ. மேலே போவதற்குள் எல்லாம் ஆறிப்போய், தேங்காய்ப்பால் சோறு கட்டி தட்டிவிட்டது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர், குளிர் என்றால் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் குளிர்பெட்டிதான் தெரியும். சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போதே பனி இறங்கி, ஏரி முழுதும் வெள்ளையாகி, படகில் போனவர்களின் சத்தம் மட்டும் கேட்டது, ஆளைக் காணவில்லை. பாட்டி சிரித்தார். டீச்சர் அவருக்கு ஒரு கப் ஜாகோங் வாங்கிக் கொடுத்தார், சூடாக வெண்ணெய் போட்டு. அதைச் சாப்பிடாமல் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டே இருந்துவிட்டு, சூடு போனதும் என்னிடம் கொடுத்தார். கெந்திங் சாப்பாடு என்று யாராவது சொன்னால் எனக்கு ஞாபகம் வருவது அந்த ஆறிப்போன சோளம்தான்.

2005-இல் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பாட்டியையும் அம்மாவையும் நானே அழைத்துப் போனேன். ஃபர்ஸ்ட் வேர்ல்ட் ஹோட்டலுக்குக் கீழே இருந்த உள் பூங்கா உங்களுக்கு ஞாபகம் இருக்கும்: வெனிஸ் படகு ஒரு பக்கம், நியூயார்க் சுதந்திர தேவி சிலை ஒரு பக்கம். சிலையைப் பார்த்துவிட்டு பாட்டி, "இது எந்த ஊரு அம்மன், கையில தீச்சட்டி வச்சிருக்கா?" என்றார். அங்கே டைம்ஸ் ஸ்கொயர் என்று ஒரு மேடை. இறகு வைத்த உடுப்பில் வெள்ளைக்காரப் பெண்கள் ஆடினார்கள், ஒருவர் வித்தை காட்டினார். டிக்கெட் கிடையாது, நின்று பார்க்கலாம். பாட்டி படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு ஆட்டம் முடிந்ததும் அடுத்த ஆட்டம் எப்போது என்று கேட்டு, அதுவரை அங்கேயே இருந்து, மறுபடி பார்த்தார். நாங்கள் போய் பசியாறிவிட்டு வந்தபோதும் அதே படிக்கட்டு.

நீங்கள் தேடிய அந்த மூன்றையும் பாருங்கள். ஏரிக்கரை, மேடை, சாப்பாடு. மூன்றும் ராட்டினம் ஏறாதவர்களுக்கான இடம். குடும்பம் என்றால் ஏறுகிற ஆள் பாதி, மூட்டையைப் பார்த்துக்கொள்கிற ஆள் பாதி. நாம் சின்ன வயசில் ஏறுகிற ஆளாகப் போனோம், இப்போது மூட்டை பார்க்கிற ஆளாகப் போகிறோம், அதனால்தான் பெஞ்சைத் தேடுகிறோம். நீங்கள் ராட்டினம் எதையும் கேட்கவே இல்லை, கவனித்தீர்களா?

மேடை ஆட்டம் குறைந்ததற்குப் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. ராட்டினத்தை ஒரு தடவை வாங்கிப் பூட்டினால் பராமரிப்புச் செலவோடு பல வருஷம் ஓடும். ஆடுகிறவர்களுக்கு மாதச் சம்பளம், தங்குமிடம், வெளிநாட்டார் என்றால் பெர்மிட், உடுப்பு, ஒத்திகை, கால் சுளுக்கினால் மாற்று ஆள், இத்தனையும் வேண்டும். இலவசமாகக் காட்டுகிற ஆட்டத்துக்கு இவ்வளவு செலவு செய்ய எந்தக் கணக்கப்பிள்ளை சம்மதிப்பார்? இப்போது மேலே ஸ்கைஅவென்யூ பேரங்காடி நடுவில் ஒளிக்காட்சி ஒன்று இருக்கிறது, பந்து பந்தாக விளக்குகள் கம்பியில் ஏறி இறங்கி இசைக்கு ஆடும். அதுவும் இலவசம்தான், அழகாகத்தான் இருக்கிறது. நான் இரண்டு தடவை நின்று பார்த்தேன். ஆனால் முடிந்ததும் யாருக்குக் கை தட்டுவது என்று தெரியவில்லை, கூட்டம் அப்படியே போனைப் பையில் போட்டுக்கொண்டு கலைந்துவிட்டது.

சாப்பாட்டைப் பற்றி மட்டும் உங்களோடு எனக்குச் சண்டை. அங்கே அந்தக் காலத்தில் சாப்பாடு பிரமாதம் என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். எங்கே சாப்பிட்டீர்கள்? தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் மேலே உணவகத்தில் உட்கார்ந்தோம்? நாம் சாப்பிட்டது நம் வீட்டு நாசி லெமாக். அதைப் பனியில், பசியில் சாப்பிட்டோம், அதுதான் ருசி. அதே மூட்டையை இன்றைக்குக் கட்டினாலும் கிடைக்கும், பாதி ருசியாவது.

கேள்வி: எங்கள் அப்பா கோம்பாக்கில் டைனோசர் வைத்த ஒரு தீம் பார்க் இருந்தது என்கிறார். கெந்திங்குக்கு முன்னாடியாம். உண்மையா, கதையா? (வாசகர், கூலிம்)

பதில்: உண்மை. மிமாலேண்ட். 1975-இல் திறந்து 1994-இல் மூடினார்கள். பெரிய நீச்சல் குளம், சறுக்கு, காட்டுக்குள் சிமெண்டு டைனோசர்கள். எழுபது, எண்பதுகளில் பள்ளிக்கூட பஸ்கள் அங்கேதான் போகும், எங்கள் பெரியப்பா வீட்டு ஆல்பத்தில் பெரியம்மா சேலையோடு டைனோசர் காலடியில் நிற்கிற படம் ஒன்று உண்டு, முகத்தில் பயமா வெட்கமா என்று இன்னும் குடும்பத்தில் விவாதம். இப்போது அந்த இடத்தைக் காடு மூடிவிட்டது. படம் எடுக்கிறேன் என்று உள்ளே நுழைந்துவிடாதீர்கள், பாம்புக்கு நம் பழைய நினைவெல்லாம் தெரியாது. அப்புறம் உங்கள் அப்பாவிடம் ஒரு திருத்தம் சொல்லுங்கள்: கெந்திங்கை உருவாக்கிய லிம் கோ தோங் அங்கே கட்டிய முதல் ஹோட்டல் 1971-லேயே திறந்துவிட்டது. பெரிய ராட்டினங்கள்தான் பிறகு வந்தன.

கேள்வி: தீம் பார்க் எல்லாம் வருவதற்கு முன் நம் ஆட்கள் எங்கே போய்ப் பொழுதைக் கழித்தார்கள்? (கல்லூரி மாணவி, பந்திங்)

பதில்: தோட்டத்துக்குள்ளேயே என்றால், திடலில் வெள்ளைத் துணி கட்டி, நிர்வாகம் காட்டும் படம். பாயைத் தூக்கிக்கொண்டு சாயங்காலமே இடம் பிடிக்க வேண்டும். துணிக்குப் பின்பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு எம்ஜிஆர் இடது கையால் வாள் வீசுவார், அவ்வளவுதான் வித்தியாசம். கோயில் திருவிழா மூன்று நாள். சம்பளத்தன்று டவுனில் ஒரு காப்பிக்கடை, ஒரு ஐஸ் கச்சாங்.

கையில் காசு இருந்த வாலிபர்கள் கோலாலம்பூருக்கு ரயில் ஏறினார்கள். அங்கே புக்கிட் பிந்தாங்கில் பிபி பார்க். ஜோகெட் மேடை, சினிமா, சீன நாடகம், வளையம் எறிகிற ஒட்டுக்கடைகள், சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் ஒரே வேலிக்குள். ஜோகெட் என்றால், டிக்கெட் வாங்கி மேடையில் இருக்கும் பெண்ணோடு ஒரு பாட்டுக்கு ஆடலாம், தொடாமல்! எழுபதுகளின் தொடக்கத்தில் அதை மூடி, அந்த இடத்தில் 1977-இல் சுங்கை வாங் பிளாசா வந்தது. சிங்கப்பூரில் நியூ வேர்ல்ட், கிரேட் வேர்ல்ட், ஹேப்பி வேர்ல்ட் என்று மூன்று 'உலகம்'. ஹேப்பி வேர்ல்டில் கிங் காங் என்ற பயில்வானின் மல்யுத்தம் பார்த்த கதையை எங்கள் தாத்தா சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் கிங் காங்கின் எடை பத்து கிலோ கூடும்.

அந்தப் பார்க்குகளில் ராட்டினம் ஒரு மூலைதான். சாப்பாடும் ஆட்டமும்தான் பெரிசு. இன்றைக்கு அப்படியே தலைகீழ்.

கேள்வி: ஈப்போவில் கார்ட்டூன் பார்க் ஒன்று வந்ததே, என்ன ஆச்சு? (வாசகர், கம்பார்)

பதில்: மேப்ஸ். 2017 ஜூனில் திறந்தார்கள், 2020 ஜனவரியில் மூடிவிட்டார்கள். மூன்று வருஷம்கூட ஆகவில்லை, ஏங்குவதற்குக்கூட நேரம் தரவில்லை.

கேள்வி: தீம் பார்க்குக்குள் வீட்டுச் சாப்பாடு கொண்டு போகலாமா? (இல்லத்தரசி, சிகாமட்)

பதில்: பெரும்பாலும் வாசலிலேயே பையைத் திறந்து பார்ப்பார்கள், விடமாட்டார்கள். கைக்குழந்தைச் சாப்பாடு என்றால் பரவாயில்லை என்பார்கள். போகிற இடத்தின் விதியை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நான் செய்வது: காரிலேயே மூட்டை, மதியம் வெளியே வந்து கார் நிறுத்தத்தில் பசியாறல். கையில் முத்திரை போட்டு மறுபடி உள்ளே விடுவார்களா என்று மட்டும் போகும்போதே கேட்டுவிடுங்கள். ஒரு தடவை, எந்த ஊர் எந்தப் பூங்கா என்று சொல்லமாட்டேன், கேட்காமல் வெளியே வந்துவிட்டு, நான்கு பேருக்கும் மறுபடி டிக்கெட் வாங்கினேன். அந்தப் புளிச்சோறுதான் என் வாழ்நாளிலேயே விலை கூடிய சாப்பாடு.

கேள்வி: எழுபத்திரண்டு வயசு மாமியாரை கெந்திங் அழைத்துப் போக ஆசை. அவர் எதிலும் ஏறமாட்டார், கூட்டமும் ஆகாது. அங்கே அவருக்கு என்ன இருக்கிறது? (மருமகள், பத்து ஆராங்)

பதில்: நல்ல மருமகள். ஸ்கைவேர்ல்ட்ஸ் டிக்கெட் அவருக்கு எடுக்காதீர்கள், நாள் முழுக்க நின்றே கால் வலிக்கும். அவானா நிலையத்தில் காரை விட்டுவிட்டு கேபிள் காரில் ஏறுங்கள். நடுவில் சின் ஸ்வீ நிலையத்தில் இறங்கினால் மலைச்சரிவில் லிம் கோ தோங் கட்டிய சீனக் கோயில், பெரிய கல் புத்தர், ஒன்பது தட்டுக் கோபுரம். வேற்றுச் சாமி என்று யோசிப்பாரோ என்று பயப்படாதீர்கள், நம் வீட்டுப் பெரியவர்கள் எந்தச் சாமியைப் பார்த்தாலும் கும்பிட்டுவிடுவார்கள். படிக்கட்டு இருக்கிறது, மெதுவாக. பிறகு மேலே போய் அந்த ஒளிக்காட்சி நேரத்தைக் கேட்டுக்கொண்டு முன்னாடியே ஒரு இடம் பிடித்து உட்கார வையுங்கள். சுவெட்டரோடு காதுக்கு ஒரு துண்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வழியில் எங்கேயாவது கப் ஜாகோங் கண்ணில் பட்டால் ஒன்று வாங்கிக் கொடுங்கள். அவர் அதைச் சாப்பிடாமல் கையிலேயே வைத்திருந்தால், விட்டுவிடுங்கள்.