வளைவில் திக்கும் மெஷின்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தைப்பூசம் நெருங்கும்போது எனக்கு வரும் கேள்விகளில் பாதி வளைவைப் பற்றியதாகவே இருக்கும். நேர்கோட்டில் வழுக்கிக்கொண்டு ஓடும் சிஎன்சி மெஷின், அதாவது கணினி சொல்படி வெட்டும் மெஷின், வளைவு வந்ததும் திக்குகிறது, உதறுகிறது, மரத்தைக் கருக்குகிறது. டர்பன், ஜோகன்னஸ்பர்க் பக்கங்களிலிருந்து வந்த ஏழு கேள்விகளை எடுத்துக்கொண்டேன். முதல் கேள்விக்குப் பதில் நீளம். மற்ற சிலவற்றுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

தாத்தாவின் பழைய காவடியைப் போட்டோ எடுத்து, கணினியில் கோடாக மாற்றி, ரவுட்டரில் 18 மி.மீ. பிளைவுட்டில் வெட்டுகிறேன். வளைவு முழுக்க மெஷின் படபடவென்று உதறுகிறது. ஃபீட், அதாவது வெட்டும் வேகம், நிமிடத்துக்கு 3000 மி.மீ. கொடுத்தாலும் அந்த வேகம் வருவதே இல்லை. மெஷினை ஓட்டுவது ஜிஆர்பிஎல் போர்டு, ஆக்சிலரேஷன் (வேகம் ஏறி இறங்கும் அளவு) நொடிக்கு நொடி 200 மி.மீ. பெரிய மோட்டார் போட வேண்டுமா அண்ணா? (வெருலம்)

வேண்டாம் தம்பி, காசை வைத்துக்கொள்ளுங்கள். கோளாறு கோப்பில் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய கோப்பைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணுக்கு வளைவாகத் தெரிவது உண்மையில் 0.1 மி.மீ. நீளமுள்ள குட்டிக் கோடுகளின் வரிசை. அதுவும் ஒன்று இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என்று நெளிந்து கிடக்கிறது. மெஷின் அந்த நெளிவுகளை அப்படியே நம்பி, ஒவ்வொன்றையும் ஒரு திருப்பமாக நினைத்து வேகத்தைக் குறைக்கிறது. நீங்கள் கேட்கும் படபடப்பு அதுதான்.

நெளிவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் 3000 வராது. நிமிடத்துக்கு 3000 மி.மீ. என்றால் நொடிக்கு 50 மி.மீ. 0.1 மி.மீ. துண்டுகளில் அது நொடிக்கு 500 வரி. கணினியிலிருந்து போர்டுக்கு 115200 பாட் வேகத்தில் நொடிக்கு அதிகபட்சம் 11,520 எழுத்துதான் போகும். ஒரு வரிக்கு 25 எழுத்து என்றால் 460 வரி. போர்டு பட்டினி கிடக்கிறது. அப்புறம் இன்னொன்று: ஜிஆர்பிஎல் சுமார் 16 வரிதான் முன்னால் பார்க்கும். உங்கள் கோப்பில் அது வெறும் 1.6 மி.மீ. தூரம். அடுத்து என்ன வரும் என்று தெரியாததால், அந்த 1.6 மி.மீ.க்குள் நிற்க முடிகிற வேகத்துக்கு மேல் அது போகாது. ஆக்சிலரேஷன் 200-க்குக் கணக்குப் போட்டால் அது நிமிடத்துக்கு சுமார் 1500. மோட்டாரை மாற்றினாலும் ஆக்சிலரேஷனை ஏற்றாதவரை இதே 1500தான்.

செய்ய வேண்டியது இது. போட்டோவை அடியில் வைத்து, மேலே மூன்று புள்ளி கொடுத்து வில் வரையும் கருவியால் திரும்ப வரையுங்கள். தாத்தாவின் காவடி 450 மி.மீ. ஆரமுள்ள அரைவட்டம். இப்போது அது 14,000 வரிக்கு மேல் இருக்கிறது. வில்லை அப்படியே வெட்டச் சொல்லும் ஜி2 அல்லது ஜி3 கட்டளையில் அதுவே ஒரு வரி. துண்டாக்கும் வேலையைப் போர்டு தனக்குத் தோதான அளவில் பார்த்துக்கொள்ளும். கோட்டுத் துண்டாகத்தான் வேண்டும் என்றால்கூட, இந்த ஆரத்தில் 6 மி.மீ. துண்டு வட்டத்திலிருந்து 0.01 மி.மீ.தான் விலகும். மரத்துக்கு அதற்கு மேல் நுணுக்கம் எதற்கு? வெட்டும் பாதையை உருவாக்கும் கேம் மென்பொருளில் டாலரன்ஸை (எவ்வளவு விலகலாம் என்ற அளவை) 0.001 வைத்தால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். சின்ன போர்டுகளுக்கு அது பாரம். மரத்துக்கு 0.02 போதும்.

கோயில் பெயர்ப்பலகைக்குத் தேக்கில் தமிழ் எழுத்து செதுக்குகிறேன். கோப்பு சுத்தம், எல்லாம் ஜி2, ஜி3தான். ஆனாலும் ஞ, ணி, ஐ போன்ற எழுத்துகளின் சுழியில் மரம் கருகுகிறது. ஆங்கில எழுத்தில் இந்தத் தொல்லை இல்லையே? (டொங்காட்)

அக்கா, நம் எழுத்தில் சுழிக்குப் பஞ்சமில்லை. சுழி என்றால் சின்ன ஆரம். வேகத்தை வேகத்தாலேயே பெருக்கி ஆரத்தால் வகுத்தால், அந்த வளைவுக்கு எவ்வளவு ஆக்சிலரேஷன் வேண்டும் என்பது வரும். நொடிக்கு 50 மி.மீ. வேகத்தில் 3 மி.மீ. ஆரமுள்ள சுழியைச் சுற்ற 833 வேண்டும். உங்கள் மெஷினில் இருப்பது 250. அதனால் சுழிக்குள் அது நிமிடத்துக்கு 1600 வாக்கில் தவழ்கிறது. கட்டரைச் சுற்றும் ஸ்பிண்டிலோ நிமிடத்துக்கு அதே 18,000 சுற்றில் சுற்றிக்கொண்டிருக்கிறது. சீவல் மெலிந்து தூளாகிறது, வெட்டுவதற்குப் பதில் கட்டர் தேய்க்கிறது, தேய்த்த இடம் கருகுகிறது.

நான் செய்வது என்னவென்றால், எழுத்து முழுவதையுமே 1500-ல் ஓட்டிவிடுவேன். சுழிக்கும் நேர்கோட்டுக்கும் ஒரே வேகம், ஒரே நிறம். கூடவே சுற்றை 12,000-க்கு இறக்குங்கள். ஸ்பிண்டில் அதற்கு ஒத்துவராவிட்டால் 18,000-லேயே ஒற்றைப் பல் கட்டர் போடுங்கள், இரண்டு பல்லில் 3000-க்கு வந்த அதே சீவல் கிடைக்கும். கையில் எடுத்துப் பார்த்தால் சீவல் சுருளாக இருக்க வேண்டும், மாவாக இருக்கக் கூடாது.

சின்ன மில்லிங் மெஷினில் வார்ப்பிரும்பில் 60 மி.மீ. வட்டத் துளை வெட்டினால், கடிகாரத்தில் 12, 3, 6, 9 இருக்கும் இடங்களில் மட்டும் சின்னத் தழும்பு விழுகிறது. (ஃபீனிக்ஸ்)

அந்த நான்கு இடங்களில்தான் ஏதாவது ஓர் அச்சு நின்று திரும்புகிறது. திரும்பும்போது ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் இடையே உள்ள ஆட்டம், அதாவது பேக்லாஷ், தழும்பாகப் பதிகிறது.

நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் டயல் கேஜை மேசையில் முட்டவைத்து, ஒரே திசையில் 1 மி.மீ. நகர்த்தி, முள்ளைப் பூஜ்யத்தில் வையுங்கள். இப்போது எதிர்த்திசையில் 0.1 மி.மீ. கொடுங்கள். முள் 0.06 காட்டினால் ஆட்டம் 0.04. உடனே கண்ட்ரோலரில் ஈடு கொடுத்துவிடாதீர்கள். ஈடு கொடுத்தாலும் அந்த இடைவெளியைக் கடக்க ஒரு கணம் ஆகும், தழும்பு மெலியுமே தவிர மறையாது. முதலில் மோட்டாரை ஸ்க்ரூவோடு இணைக்கும் கப்ளிங், அப்புறம் ஸ்க்ரூ முனை பேரிங், கடைசியாக நட் என்று பாருங்கள். டர்பனின் ஜேக்கப்ஸ் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் இருந்தபோது இதே தழும்புக்காக இரண்டு நாள் பால் நட்டைக் கழற்றி மாட்டினோம். மூன்றாம் நாள் கப்ளிங்கை விரல்களால் பிடித்துத் திருகினேன், லேசாக ஒரு 'டக்'. அதை இறுக்கிப் பிடிக்கும் கிரப் ஸ்க்ரூ தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். அன்றிலிருந்து கப்ளிங்கைத் தொட்டுப் பார்க்காமல் வேறெதையும் நான் கழற்றுவதில்லை.

வீட்டு கேட்டுக்கு 3 மி.மீ. தகட்டில் பிளாஸ்மாவால் மயில் வெட்டுகிறோம். தோகையின் வளைவுகளில் டார்ச் தலை குப்புற இறங்கித் தகட்டில் இடிக்கிறது. (சாட்ஸ்வொர்த்)

வளைவில் மெஷின் வேகம் குறைகிறது. குறைந்தால் வெட்டுவாய் அகலமாகிறது, ஆர்க்கின் வோல்டேஜ் ஏறுகிறது. வோல்டேஜ் ஏறினால் டார்ச் உயர்ந்துவிட்டது என்று உயரக் கட்டுப்பாடு நினைத்து அதைக் கீழே இறக்குகிறது. வேகம் சொன்ன அளவுக்குக் கீழே போனதும் உயரத்தைப் பூட்டும் வசதி பெரும்பாலான கண்ட்ரோலர்களில் உண்டு, அதைப் போடுங்கள். மயில் படத்தையும் வெருலம் தம்பிக்குச் சொன்னது போல வில்களாக மாற்றுங்கள்.

அலுமினியத்தில் உள்வளைவு வெட்டும்போது மட்டும் கட்டர் கத்துகிறது. வெளிவளைவில் சத்தமில்லை. (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

நீங்கள் கொடுக்கும் ஃபீட் கட்டரின் நடுவுக்கு. உள்வளைவில் நடு சின்ன வட்டம் போக, வெட்டும் விளிம்பு பெரிய வட்டம் போகிறது. 20 மி.மீ. துளைக்குள் 12 மி.மீ. கட்டர் என்றால் நடுவின் ஆரம் 4, சுவரின் ஆரம் 10. நீங்கள் 1000 கொடுத்தால் விளிம்பு 2500-ல் ஓடுகிறது, கத்தாமல் என்ன செய்யும்? சுவரில் 1000 வேண்டுமென்றால் 400 கொடுங்கள். மூலை ஆரத்துக்குச் சமமான கட்டரையும் போடாதீர்கள். 6 மி.மீ. ஆர மூலைக்கு 12 மி.மீ. கட்டர் போட்டால் அது வளைந்து போகாமல் மூலையில் போய் முட்டி நின்று திரும்பும். 10 அல்லது 8 போடுங்கள்.

ஜி61-ஆ, ஜி64-ஆ? (லெனேசியா)

வளைவுக்கு, துண்டுகளை நிற்காமல் இணைத்து ஓட்டும் ஜி64 கட்டளைதான். லினக்ஸ்சிஎன்சி மென்பொருளில் வெறும் ஜி64 என்று விடாமல், எவ்வளவு விலகலாம் என்று பி சேர்த்து எழுதுங்கள், மரத்துக்கு பி0.05, உலோகத்துக்கு பி0.01 அளவில். மாக்3 மென்பொருளில் ஜி61 போட்டால் ஒவ்வொரு துண்டின் முடிவிலும் நின்று போகும். கூர்மூலை அவசியமான இடத்துக்கு மட்டும் அது.

வளைவின் நடுவில் மின்சாரம் போய்விட்டால் எங்கிருந்து தொடங்குவது? லோட் ஷெடிங்கில் இரண்டு பலகை வீணாகிவிட்டது. (வெருலம், இன்னொருவர்)

முதலில் ஹோம் செய்யுங்கள், அதாவது மெஷினை அதன் தொடக்கப் புள்ளிக்கு அனுப்புங்கள். நின்ற இடம் அதேதான் என்று ஸ்டெப்பர் மோட்டாரை நம்பாதீர்கள். அப்புறம் நின்ற புள்ளியில் கட்டரை நேராக இறக்காமல், 10 மி.மீ. பின்னால், கழிவுப் பக்கத்திலிருந்து சின்ன வில்லாகச் சறுக்கி உள்ளே கொண்டுவாருங்கள். இனி வெட்டும் பலகைகளில் சுற்றிலும் 0.3 மி.மீ. விட்டுவைத்து, அன்று மின்வெட்டு அறிவித்திருந்தால் அதன் நேரத்தைப் பார்த்துவிட்டு, கடைசிச் சுற்றை மட்டும் ஒரே மூச்சில் ஓட்டுங்கள். முந்தைய தழும்பெல்லாம் அந்த 0.3-லேயே போய்விடும்.