கரிசலுக்குப் போகுமுன் எதைப் படிப்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

டிசம்பர் கடைசியில் நானும் இரண்டு தோழிகளும் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துக் கிராமங்களுக்குப் போகிறோம். பத்து நாள். ஒரு தோழியின் தாத்தா வீட்டில் தங்குகிறோம். நான் தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து, சென்னையில் வேலை பார்ப்பவள். கரிசல் மண்ணைப் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. ‘வெக்கை’ மட்டும் படித்திருக்கிறேன். இன்னும் எட்டு வாரம் இருக்கிறது, தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியும். யாரைக் கேட்டாலும் ஐம்பது புத்தகம் சொல்கிறார்கள். எதை எடுப்பது, எதை விடுவது? நிறையப் படித்துவிட்டுப் போனால் ஊரைப் பார்க்காமல் புத்தகத்தையே அங்கே தேடிக்கொண்டிருப்பேனோ என்றும் பயமாக இருக்கிறது.

ஒரு வாசகி, சென்னை

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். எட்டு வாரம் என்றால் 56 மணி நேரம். வட்டார வழக்கில் எழுதிய உரைநடையைப் புதிதாகப் படிப்பவரால் மணிக்கு 20 முதல் 25 பக்கம்தான் நிதானமாகப் படிக்க முடியும். ஆக உங்கள் கையில் இருப்பது 1,100லிருந்து 1,400 பக்கம். நாவல், சிறுகதை, ஆவணம் எல்லாம் சேர்ந்து ஐந்தாறு நூல். ஐம்பது நூல் பட்டியலை இப்போதே ஒதுக்கிவிடலாம்.

உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அது நிறையப் படிப்பதால் வருவதில்லை, ஒரே பக்கமாகப் படிப்பதால் வருகிறது. கிராமத்தைப் பற்றிய எந்த நூலும் ஊரில் ஒரு தெருவில் நின்றுகொண்டு, ஒரு காலத்தில் இருந்துகொண்டு ஊரைப் பார்க்கிறது. எந்தத் தெரு, எந்தக் காலம் என்று தெரியாமல் நான்கு நூலைப் படித்தால் நான்கும் சேர்ந்து ஒரே படமாகிவிடும். அந்தப் படத்தைத்தான் பிறகு ஊரில் தேடுவோம். ஆகவே நூலைக் கையில் எடுத்ததும் மூன்று விஷயத்தை முதல் தாளில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்: கதை நடக்கும் காலம், எழுதி வெளிவந்த ஆண்டு, யார் வீட்டுத் திண்ணையிலிருந்து கதை சொல்லப்படுகிறது. அடுத்த நூல் இந்த மூன்றில் இரண்டிலாவது வேறுபட வேண்டும்.

நீங்கள் படித்த ‘வெக்கை’யையே எடுத்துக்கொள்வோம். பூமணி எழுதி 1982இல் வந்தது. கொலை செய்துவிட்ட பையனும் அவன் அப்பாவும் ஒளிந்து திரியும் சில நாட்கள்தான் கதை. அதனால் ஓடை, புதர், பாறை, கிணறு, கிடைத்ததைப் பொங்கித் தின்பது எல்லாம் நுணுக்கமாக இருக்கும். ஊருக்குள் நடமாட்டம் குறைவு. கரிசல் ஊரின் வெளிவட்டம் உங்களுக்கு ஓரளவு தெரியும். இனி படிப்பவை உங்களை ஊருக்குள் கொண்டுபோக வேண்டும்.

முதல் வாரம் நாவலைத் தொட வேண்டாம், சிறுகதைகள் போதும். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் இடைசெவல் என்ற ஒரே ஊர்க்காரர்கள். இருவரிலும் ஐந்தைந்து கதை படியுங்கள். கி.ரா.வின் ‘கதவு’ அதில் கட்டாயம் இருக்கட்டும். தீர்வை பாக்கிக்காக ஒரு ஏழை வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போவது கதை. மழையை நம்பிய ஊரில் வரி என்பது என்ன என்று பத்துப் பக்கத்துக்குள் புரிந்துவிடும். முதல் இரண்டு கதையையாவது வாய்விட்டுப் படியுங்கள். இந்த நடை கண்ணைவிடக் காதுக்குச் சீக்கிரம் பிடிபடும்.

கூடவே, முதல் நாளிலிருந்தே, கி.ரா. தொகுத்த வட்டார வழக்குச் சொல்லகராதி பக்கத்தில் இருக்கட்டும். தெரியாத சொல்லுக்கு மட்டும் அகராதி பார்ப்பது நம் வழக்கம். வட்டார நூலில் ஏமாற்றுவது தெரிந்த சொற்கள்தான். ‘காட்டுக்குப் போயிருக்காக’ என்றால் நீங்கள் வனத்தை நினைப்பீர்கள். அங்கே காடு என்பது மானாவாரிப் புஞ்சை, மழையை மட்டும் நம்பி உழுது விதைக்கும் நிலம். ‘சம்சாரி’ என்றால் குடும்பஸ்தர் என்று எடுத்துக்கொள்வீர்கள், அங்கே விவசாயி. இந்த இரண்டைத் தவறாகப் புரிந்துகொண்டால் நூறு பக்கம் தவறாகிப்போகும். கம்மாய் (பாசனக் குளம்), படப்பு, தொழு, வெள்ளாமை, கம்மம்புல் ஆகியவற்றை முதல் வாரத்திலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். குறுக்கம், மரக்கால் போன்ற அளவைகளை மட்டும் நீங்களாக ஏக்கருக்கும் கிலோவுக்கும் மாற்றாதீர்கள். பழைய அளவைகள் ஊருக்கு ஊர் மாறும். குறித்துக்கொண்டு அங்கே போய்ப் பெரியவர்களிடம் கேளுங்கள்.

இரண்டாவது வாரத்திலிருந்து இரண்டு நாவல்களை ஜோடியாகப் படிக்கச் சொல்வேன். ஒன்று கி.ரா.வின் ‘கோபல்ல கிராமம்’ (1976). தெலுங்கு பேசும் மக்கள் வடக்கிலிருந்து வந்து காடு திருத்தி ஊர் கட்டிய நினைவு, நிலம் உடைய பெரிய வீட்டை மையமாக வைத்துச் சொல்லப்படுகிறது. காலம் கும்பெனி ஆட்சி. மற்றது பூமணியின் ‘பிறகு’ (1979). தோல் வேலை செய்ய ஓர் ஊருக்கு வந்து சேரும் அழகிரி என்ற சக்கிலியர் குடும்பத்தலைவரைச் சுற்றி நகர்வது, சுதந்திரத்தை ஒட்டிய காலம். மூன்றாண்டு இடைவெளியில் வந்த இரண்டு நூல், அதே கருப்பு மண், அதே கம்மாய், ஆனால் ஊரின் இரண்டு எதிர் முனைகள். கமலைக் கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைப்பதைப் பற்றி முதல் நூல்வழியில் யோசித்தால் மாடு, வடம், நிலம் கண்ணில் படும். இரண்டாவது நூலுக்குப் பிறகு தண்ணீர் மொள்ளும் அந்தக் கூனையின் தோலைத் தைத்தவர் யார், அவருக்குக் கூலி எப்படி வந்தது என்ற கேள்வி தானாக எழும். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். ஒன்றை முடித்துவிட்டு மற்றதை ‘நேரமிருந்தால்’ என்று தள்ளிவைத்தால் பாதி ஊரோடுதான் போவீர்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த நாவல்களில் சாதிப் பெயர்களும், மரியாதை இல்லாத விளிகளும் பாத்திரங்களின் வாயில் அப்படியே வரும். அது அந்தக் காலத்துக் கொடுமையின் பதிவு. நூலில் படித்த சொல் என்பதற்காக ஊரில் அதை உச்சரித்துவிடாதீர்கள், யாரையும் எந்தத் தெரு, என்ன ஆட்கள் என்று கேட்காதீர்கள். வட்டார வழக்கைப் பேசிக்காட்டவும் வேண்டாம். உங்கள் தஞ்சாவூர்த் தமிழிலேயே பேசுங்கள், அவர்களும் தங்கள் தமிழில் பதில் சொல்வார்கள்.

நான்காவது, ஐந்தாவது வாரம் தண்ணீருக்கு. ஆற்றுப் பாசன ஊரில் பிறந்த உங்களுக்கு இது மிகவும் தேவை. காவிரிப் பக்கம் தண்ணீர் வாய்க்காலில் வரும், முறை வைத்துப் பிரிப்பார்கள். கரிசலில் வானத்திலிருந்து விழுவதை ஓடை வழியாகக் கம்மாயில் சேர்த்தால்தான் உண்டு. சோ. தர்மனின் ‘சூல்’ ஓர் ஊர்க் கம்மாயையே நாயகனாக வைத்த நாவல், 2019இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. கரை, மடை, மிகுந்த நீர் வெளியேறும் கலுங்கு, தூர் எடுப்பது, மடையைக் காக்கும் குடும்பன், மீன், மரம், காவல் தெய்வம் என்று ஒவ்வொன்றும் மற்றொன்றோடு எப்படிக் கோத்திருந்தது, ஓர் இழை அறுந்ததும் மற்றவை ஏன் அவிழ்ந்தன என்று காட்டும். இதைப் படிக்கும்போது ஒரு தாளில் கம்மாயின் படத்தை வரைந்து, நூலில் வரும் உறுப்புகளை அதில் எழுதிக்கொண்டே வாருங்கள். ஊரில் முதல் நாள் காலை அந்தத் தாளோடு கம்மாய்க் கரையில் நடந்தால் எது இருக்கிறது, எது மண்மூடிக் கிடக்கிறது, எங்கே சீமைக்கருவேலம் நிற்கிறது என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

நாவல்கள் தராதது இரண்டு. ஒன்று பருவம். கரிசல் இலக்கியம் என்றாலே நம் மனத்தில் வெயிலும் வெடித்த மண்ணும்தான் நிற்கின்றன. நீங்கள் போவதோ மார்கழியில். வடகிழக்கு மழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த உளுந்து, பாசிப்பயறு, கம்பு, சோளம், மக்காச்சோளம், கொத்தமல்லி, பருத்தி எல்லாம் அப்போது காட்டில் நிற்கும். மழை நன்றாகப் பெய்த ஆண்டானால் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை. ஈரக் கரிசல் செருப்பில் அப்பிக்கொண்டு காலைத் தூக்கவிடாது, வண்டிச் சக்கரம் புதைந்துவிடும். அந்தக் களிமண் நீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். நாவலில் கண்ட வெடிப்பும் நீங்கள் காணும் சேறும் ஒரே குணத்தின் இரண்டு முகங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிர் சாகுபடிக் குறிப்புகளில் மானாவாரிப் பகுதியை மட்டும் பார்த்து, விதைப்பு, களை, அறுவடை மாதங்களை ஒரு பக்க அட்டவணையாக்குங்கள். கோவில்பட்டியில் 1901இலிருந்து வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்த மண்ணுக்கான பயிர்களைப் பற்றி அச்சில் தகவலுக்குக் குறைவில்லை.

இரண்டாவது, எண்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேட்டில் கிராமம் கிராமமாகப் பரப்பு, வீடுகள், மக்கள், பள்ளி, குடிநீர் என்று இருக்கும், இணையத்தில் இலவசம். நீங்கள் தங்கும் ஊரையும் சுற்றியுள்ள ஐந்து ஊர்களையும் மட்டும் எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் படிக்கத் தயங்கமாட்டீர்கள் என்றால் சிவகாசிக்கு அருகில் உள்ள வடமலாபுரம் பற்றிய ஆய்வு ஓர் அரிய பொருள். சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் மாணவர்களைக் கொண்டு எடுத்த கிராம ஆய்வுகளில் ஒன்று, 1918இல் நூலானது. அதே ஊரை 1930களில் மறுபடியும் ஆய்ந்தார்கள். ஒரே ஊரின் நிலமும் கடனும் தொழிலும் இருபது ஆண்டில் எப்படி மாறின என்பதைக் கதையின் துணையில்லாமல் பார்க்கலாம்.

பழைய நூல்களைத் தேடும்போது பலர் தோற்பது ஊர்ப் பெயரில் இல்லை, மாவட்டப் பெயரில். தூத்துக்குடி மாவட்டம் 1986இல்தான் உருவானது. அதற்கு முந்திய எதிலும் கோவில்பட்டி திருநெல்வேலிக்குக் கீழே இருக்கும். சாத்தூர், சிவகாசி 1985 வரை ராமநாதபுரம். சங்கரன்கோவில் இப்போது தென்காசி. ஆங்கில ஆவணங்களில் ‘டின்னவெல்லி’, ‘ராம்நாட்’ என்று தேட வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இப்படிப் பழைய பெயர்களைப் போட்டுத் தேடிப்பாருங்கள். பேட் என்ற ஆங்கிலேய அதிகாரி தொகுத்த 1917ஆம் ஆண்டு திருநெல்வேலி கெசட்டியர் (மாவட்ட விவரத் தொகுப்பு) கிடைத்தால் முழுவதும் வேண்டாம், விவசாயம், பாசனம், எட்டயபுரம் ஜமீன் பற்றிய பகுதிகள் போதும். சாதிகளைப் பற்றி அது எழுதுவது ஆட்சி செய்தவர்களின் பார்வை. அதை மறக்காமல் படியுங்கள்.

கதையின் காலத்தைக் குறிக்கச் சொன்னேன் அல்லவா, அது எங்கே உதவும் என்றால் தீப்பெட்டியில். விடியுமுன் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகும் தீப்பெட்டி ஆபீஸ் வண்டி பழைய கதைகளில் வரும். அதற்குப் பிறகு 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம், 1996இல் சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எல்லாம் வந்துவிட்டன. பழைய கதையை நெஞ்சில் வைத்துக்கொண்டு எதிரில் வரும் பையனிடம் ‘நீ எந்த ஆபீஸில் ஒட்டுகிறாய்’ என்று கேட்டால் அவனைப் புண்படுத்துவீர்கள். அவன் பாட்டியிடம் கேளுங்கள், அவர் சொல்வார்.

பெண்களின் குரல் இந்தப் பட்டியலில் குறைவு என்று நீங்களே கவனித்திருப்பீர்கள். கரிசல் நாவல்களில் பெரும்பாலானவை ஆண்கள் எழுதியவை. நா. வானமாமலை தொகுத்த நாட்டார் பாடல்களில் தாலாட்டு, ஒப்பாரி, வேலைப் பாட்டுகளைத் தினம் நான்கு பக்கமாக எட்டு வாரமும் படித்துவாருங்கள். களையெடுக்கும் நேரத்தில் போகிறீர்கள், அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தான். பேச்சைத் தொடங்க ஒரு பாட்டைப் பற்றிய கேள்வி போதும்.

நான் சொல்லாத நூல் ஏதாவது கையில் கிடைத்தால், நடுவில் பிரித்து ஐந்து பக்கம் படியுங்கள். அந்த ஐந்து பக்கத்தில் ஒரு பயிரோ, ஒரு மாதமோ, ஒரு வேலையோ, ஒரு கூலியோ பெயர் சொல்லி வந்திருக்க வேண்டும். வெறும் ‘செம்மை பூத்த அந்தி’யும் ‘வெள்ளந்தி மனிதர்’களும் மட்டும் இருந்தால் மூடிவிடலாம். முன்னுரையைக் கடைசியில் படியுங்கள், இல்லாவிட்டால் இன்னொருவர் கண்ணால்தான் நாவலைப் பார்ப்பீர்கள்.

பூமணியின் ‘அஞ்ஞாடி’யை எல்லோரும் முதலில் சொல்வார்கள். கழுகுமலைக் கலவரம், சிவகாசிக் கொள்ளை என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முழுவதும் அதில் இருக்கிறது. அருமையான நூல், ஆனால் ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். இப்போது எடுத்தால் உங்கள் எட்டு வாரத்தையும் அது ஒன்றே எடுத்துக்கொள்ளும். திரும்பி வந்தபின் தொடங்குங்கள். கழுகுமலையையும் சிவகாசிச் சாலையையும் கண்ணால் பார்த்தபின் அதன் ஊர்ப் பெயர்கள் வெறும் பெயராக இருக்காது.

கடைசி வாரம் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். குறிப்பேட்டில் இடப்பக்கம் நூலில் கண்டது, வலப்பக்கம் அங்கே கேட்க வேண்டியது என்று இருபது கேள்வி எழுதுங்கள். ‘மடையை முன்பு திறந்தது யார், இப்போது யார்’ என்பது போல, பதில் சொல்பவருக்குத் தெரிந்த விஷயமாக இருக்கட்டும். நாவல்களை வீட்டிலேயே வைத்துவிட்டுச் சொல்லகராதியை மட்டும் எடுத்துப் போங்கள். அதில் இல்லாத சொல் காதில் விழுந்தால் சொல், ஊர், சொன்னவரின் தோராய வயது, அப்போது செய்துகொண்டிருந்த வேலை ஆகிய நான்கையும் அன்று இரவே எழுதிவிடுங்கள். விளாத்திகுளத்துச் சொல் சாத்தூரில் வேறாக இருக்கலாம், ஊர் பெயர் இல்லாத சொல்லால் பயனில்லை. வந்தபின் அந்தப் பட்டியலை எனக்கும் அனுப்புங்கள்.

அன்புடன்.