வணிக வளாகம் வருது, ஆய்வு கேட்டால் யாரும் பதில் சொல்வதில்லை!

கேள்வி: எங்கள் ஏரிக்கு வரும் கால்வாயை ஒட்டி பெரிய வணிக வளாகம் கட்டப் போகிறார்கள். சுற்றுச்சூழல் ஆய்வு நடத்தச் சொல்லி மாநகராட்சியில் மனு கொடுத்தோம். 'எங்கள் வேலை இல்லை' என்கிறார்கள். அப்படியா?
- வாசகர், காட்பாடி

பதில்: பாதி உண்மைதான். மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டடத்துக்குத்தான் முன்கூட்டிய சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம், அதைத் தருவதும் சென்னையில் உள்ள மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம், மாநகராட்சி அல்ல. ஆனால் பரப்பளவைக் கணக்கிடும்போது எல்லா மாடிகளோடு அடித்தளத்து பார்க்கிங்கையும் சேர்க்க வேண்டும், அதனால் 'இது சின்ன கட்டடம்' என்று வாய்மொழியாகச் சொன்னால் விட்டுவிடாதீர்கள், வரைபடத்தைப் பாருங்கள்.

அதற்கு வழி தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கட்டணத்தில் மனு போட்டு, கட்டட வரைபடம், மொத்தப் பரப்பு, மழைநீர் வடிகால் எங்கே போய்ச் சேருகிறது, இந்த மூன்றையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். திட்ட அனுமதி கொடுப்பதில் மாநகராட்சிக்குப் பங்கு இருக்கும்போது, கையை விரிப்பது எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதாக இல்லை. கால்வாய் ஆக்கிரமிப்பு என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்வு நாளில் புலப்படத்தோடு (நிலத்தின் எல்லைகளைக் காட்டும் அளவை வரைபடம்) போய் மனு கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒன்று, இத்தகைய கட்டடங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கிடையாது, அதற்காகக் காத்திருக்க வேண்டாம். சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்துவிட்டால் 30 நாளுக்குள் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் மேல்முறையீடு செய்யலாம், தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள் தரப்படும்.